ஃபாஸ்டர் நாய்க்கு அடிப்படைப் பயிற்சியும் குரைப்பும்: பெங்களூரு அபார்ட்மெண்ட் அனுபவங்கள்

தத்தெடுக்க ஆள் கிடைக்கும் வரை நம் வீட்டில் தற்காலிகமாக வைத்துப் பார்த்துக்கொள்ளும் நாய்தான் ஃபாஸ்டர் நாய். அப்படி வளர்ப்பவர்கள் மூன்று பேர், பெங்களூரின் மூன்று பகுதிகளிலிருந்து சொல்வது இது.

அல்சூர்:
தெருவிலிருந்து மீட்ட நாய்க்கு முதல் மூன்று நாள் எந்தப் பயிற்சியும் வேண்டாம். வேளைக்குச் சாப்பாடு, ஒரே மூலையில் படுக்கை, ஒரே பாதையில் நடை, அவ்வளவுதான். அதுவாக வந்து கையை முகர ஆரம்பித்த பிறகு தொடங்குங்கள். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளைக்கு மூன்று தடவை. வேகவைத்த கோழியைப் பட்டாணி அளவுக்குப் பிய்த்து வைத்துக்கொள்ளுங்கள். உப்பு வேண்டாம். வெங்காயமும் பூண்டும் படவே கூடாது, நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

உட்காரப் பழக்க, கோழித் துண்டை மூக்குக்கு நேரே பிடித்து நெற்றிக்கு மேலாக மெல்லப் பின்னால் நகர்த்துங்கள். தலை நிமிரும், பின்பகுதி தானாக இறங்கும். தரையைத் தொட்டதும் ‘ஆமா’ என்று சொல்லி, துண்டைக் கொடுத்துவிடுங்கள். தாமதித்தால் அது எழுந்துவிடும், எழுந்ததற்கே பரிசு கொடுத்ததாகிவிடும். கையை ரொம்ப உயர்த்தினால் தாவும். டைல்ஸ் தரையில் கால் வழுக்குவதால் பல நாய்கள் உட்காரத் தயங்கும், ஒரு மேட் விரித்தால் சரியாகிவிடும். இடுப்பை மட்டும் அழுத்தாதீர்கள்.

சொல்லோடு கைச் சைகையும் பழக்குங்கள். தத்தெடுக்கும் வீட்டில் கன்னடம் பேசுவார்களோ இந்தி பேசுவார்களோ, சைகை எங்கேயும் செல்லும்.

மாரத்தஹள்ளி:
அக்கா பயிற்சியைச் சொல்லிட்டாங்க, நான் குரைப்புக்கு வரேன். எதைப் பார்த்து, எந்த நேரத்துல குரைக்குதுன்னு ஒரு வாரம் எழுதி வைங்க. காரணம் தெரியாம வைத்தியம் பண்ணவே முடியாது.

பால்கனிலேருந்து கீழ போற தெரு நாயைப் பார்த்துக் குரைச்சா, கம்பிக்கு நாய் உயரத்துக்கு பச்சை வலை கட்டுங்க, கண்ணாடிக்கு மங்கல் ஸ்டிக்கர் ஒட்டுங்க. குரைச்சதும் அந்த நாய் போயிடுது இல்லையா, தான் விரட்டிட்டதா இது நினைச்சுக்கும். ஒவ்வொரு தடவையும் பழக்கம் இறுகும்.

காலிங் பெல்லுக்கு: பெல் சத்தத்தை போன்ல பதிவு பண்ணி, காது லேசா அசையற அளவுக்கு மட்டும் ஒலிக்க விடுங்க, உடனே கோழி. சத்தம் முதல்ல, தீனி அப்புறம். வரிசை மாறினா வேலை செய்யாது. நாலஞ்சு நாள் அமைதியா இருந்தா ஒரு படி கூட்டுங்க. குரைச்சிடுச்சுன்னா அவசரப்பட்டிருக்கோம்னு அர்த்தம், பழைய அளவுக்கே போங்க.

குரைக்கறதுக்கு முன்னாடி அறிகுறி தெரியும்: திறந்திருந்த வாய் மூடும், காது முன்னால வரும், உடம்பு விறைக்கும். கூப்பிட வேண்டியது அந்த நேரத்துலதான். குரைக்க ஆரம்பிச்ச பிறகு நாம கத்தினா, நாமளும் சேர்ந்து குரைக்கறோம்னுதான் அதுக்குப் படும்.

சாப்பாட்டுத் தட்டுக்காகக் குரைச்சா மட்டும் முகத்தைத் திருப்பிக்கோங்க. முதல்ல இன்னும் சத்தமாதான் குரைக்கும். அப்போ மனசு இளகிக் கொடுத்துட்டா, விடாம குரைச்சா கிடைக்கும்னு கத்துக்கும். பயத்துல குரைக்கற நாயைக் கண்டுக்காம விடாதீங்க, பயப்படுத்தற விஷயத்துலேருந்து தூரமா அதைக் கூட்டிட்டுப் போகணும். ஷாக் காலர், அதாவது கரண்ட் ஷாக் கொடுக்கற கழுத்துப் பட்டை, வேண்டவே வேண்டாம். பயம் அப்படியே இருக்கும், எச்சரிக்கை மட்டும் நின்னுடும், ஒரு நாள் உறுமாமலே கடிக்கும்.

பனசங்கரி:
தனியாக விட்டால் ஊளையிடும் நாய்க்கு இதெல்லாம் போதாது. சாவியை எடுத்துவிட்டு வெளியே போகாமல் உட்காருங்கள். சாவிச் சத்தத்துக்குப் பதறுவது நிற்கும் வரை இதையே செய்யுங்கள். பிறகு கதவுக்கு வெளியே பத்து நொடி, முப்பது நொடி, ஒரு நிமிடம். போனை உள்ளே வீடியோவில் வைத்துப் பாருங்கள். எச்சில் ஒழுகுவது, கதவைப் பிறாண்டுவது தெரிந்தால் நேரத்தைக் குறையுங்கள். திடீரென்று குரைப்பு கூடினால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள், காது வலியாகக்கூட இருக்கலாம்.

அபார்ட்மெண்ட் அசோசியேஷன் பிரச்சினைக்கு: விலங்குகள் நல வாரியத்தின் 2015 வழிகாட்டுதல்படி, பெரும்பான்மை இருந்தாலும் நாய் வளர்க்கத் தடை போட முடியாது, குரைப்பதையும் அதற்குக் காரணமாகக் காட்ட முடியாது. ஆனால் இரவில் அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவில்லாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு நம்முடையது. பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லி நம் நம்பரைக் கொடுத்துவிட்டால் பாதிப் புகார் அசோசியேஷன் குரூப்புக்கே போகாது.