மாலை போட்ட பையன், கிறிஸ்துமஸ் நாடகம்: வழி சொல்லுங்க

வணக்கம். பெங்களூரு அல்சூர்ல இருக்கோம். பையன் மூணாங்கிளாஸ், கிறிஸ்தவப் பள்ளிக்கூடம். கார்த்திகை ஒண்ணாம் தேதி அவங்க அப்பாவோட சேர்ந்து மாலை போட்டிருக்கான், கன்னிசாமி, 41 நாள் விரதம். டிசம்பர் விழாவுல ஆட்டிடையன் வேஷம் குடுத்திருக்காங்க. ரெண்டே வரி வசனம், தூக்கத்துலயும் சொல்றான்!

நடிக்கிறதுல எங்களுக்கு ஒண்ணுமில்ல. மாமியாரே பழைய கம்பளியை அவன் தோள்ல போட்டு அளவு பாத்து வெட்டினாங்க. சிக்கல் என்னன்னா, மேடையில மாலையைக் கழட்டணும்னு மிஸ் சொல்றாங்க. முடிஞ்சதும் பிளம் கேக் வேற, முட்டை போட்டது. "எல்லாரும் சாப்பிடறப்ப நான் என்னம்மா செய்ய?"ங்கறான்.

அரசு அங்கீகாரம் உள்ள பள்ளியில, பெற்றோர் சம்மதமில்லாம பிள்ளையை வழிபாட்டுல சேர்க்க முடியாதுன்னு அரசியல் சட்டம் 28(3) சொல்லுது. ஆனா இது நாடகம்தானே. சட்டம் பேசி மிஸ்ஸைப் பகைச்சுக்கவும் மனசில்ல.

மாலையை அங்கிக்குள்ள மறைச்சுப் போட யாராவது அனுமதி வாங்கியிருக்கீங்களா? லெட்டரை மிஸ்ஸுக்கு எழுதினீங்களா, பிரின்சிபாலுக்கா? சிவாஜிநகர், ஃப்ரேசர் டவுன் பக்கம் முட்டையில்லாத பிளம் கேக் எங்க நல்லா இருக்கும்? கூடவே பத்து துண்டு குடுத்தனுப்பிட்டா அவன் தனியா நிக்கமாட்டான்.