பியர்ட்ஸ்லி படங்கள் நல்ல அச்சில் கிடைக்குமா?

ஆங்கில ஓவியர் ஆப்ரி பியர்ட்ஸ்லியின் கருப்பு வெள்ளைப் படத்தொகுப்பு யாரிடமாவது இருக்கிறதா? காசநோயோடு வரைந்து 1898இல் 25 வயதிலேயே போய்விட்ட மனுஷன். ஆஸ்கர் வைல்டின் ‘சலோமி’ நாடகத்துக்கு வரைந்ததில், யோவானின் வெட்டிய தலையை ஏந்தி சலோமி முகத்துக்கு நேரே பார்க்க, வழியும் ரத்தம் விழும் கருங்குளத்திலிருந்து ஒரு லில்லி எழுகிறதே, அந்தப் படத்தின் மயிரிழைக் கோடுகள் போனில் பார்த்தால் காணாமலே போய்விடுகின்றன. பெரிய அளவு, நல்ல தாள் வேண்டும், பழைய புத்தகமானாலும் சரி. அப்புறம், ‘லிசிஸ்ட்ராட்டா’ என்ற பழைய கிரேக்க நாடகத்துக்கு அவர் வரைந்த ஆபாசப் படங்களை வெட்டாமல் போட்ட பதிப்பு எது? சாகும் முன் அவரே அவற்றை அழிக்கச் சொல்லி எழுதியும் பதிப்பாளர் ஸ்மிதர்ஸ் கேட்கவில்லை (நல்லவேளை!). விலையையும் சொன்னால் உதவியாக இருக்கும்.