ராத்திரி சாவடியில படுக்க வச்சது பத்தி வெவரம் தெரியுமா?

எங்க அப்பத்தாவுக்கு 90 வயசாச்சு, உசிலம்பட்டி பக்கம். அவுக சின்னப்புள்ளையில அவுக அய்யா தெனமும் கஞ்சியக் குடிச்சுட்டு துப்பட்டிய தோள்ல போட்டுக்கிட்டு ஊர்ப் பொதுச் சாவடிக்கு படுக்கப் போயிருவாராம், விடிஞ்சாத்தேன் வீடு, அவரு மேல ஒரு கேஸ்கூட கெடையாது. ஏன் அப்டி?

பதில் 1: தம்பி, அது குற்றப் பரம்பரைச் சட்டம், நம்மூர்ல ரேகைச் சட்டம்னுதேன் பேரு. வெள்ளைக்காரன் 1871ல வடக்க போட்டு 1911ல மெட்ராஸ் மாகாணத்துக்கும் கொண்டாந்தான். தப்பு செஞ்சியான்னு பாக்கல, எந்த சாதியில பொறந்தன்னு பாத்து பேரை பதிஞ்சு விரல் ரேகைய எடுத்தான், வெளியூர் போறதுக்கும் சீட்டு வாங்கணும், ராத்திரியானா பேரு பதிஞ்ச ஆம்பளைக சாவடியில வந்து படுத்தாகணும். செவுரு இல்லாத ஜெயிலு அது. பொண்டாட்டிக்கு ராத்திரி பிரசவ வலி வந்தாக்கூட ஆம்பள சாவடிய விட்டு நகர முடியாது, நெனச்சுப் பாருங்க.

பதில் 2: பெருங்காமநல்லூர விட்டுட்டீங்களேண்ணே. 1920 ஏப்ரல் 3, ரேகை வைக்க மாட்டோம்னு நின்ன சனத்த போலீசு சுட்டதுல 16 பேரு செத்தாக, அதுல மாயக்காள்னு ஒரு பொம்பளையும். உசிலம்பட்டியில இருந்து பக்கந்தேன், அங்க நினைவுத்தூண் இருக்கு, அப்பத்தாவ கூட்டிட்டுப் போங்க.

பதில் 3: மதுரை வக்கீல் ஜார்ஜ் ஜோசப் இந்த சனத்துக்காக நின்னாரு, ரோசாப்பூ துரைன்னு கூப்டுவாக. மெட்ராஸ் மாகாணத்துல சட்டத்த 1947லதேன் எடுத்தாக.

கேட்டவர்: ரொம்ப நன்றிண்ணே. இப்பத்தேன் அப்பத்தாகிட்ட வாசிச்சுக் காட்டுனேன், ஒண்ணும் பேசல, வலது கட்டைவிரல முந்தானையில தொடச்சுக்கிட்டே இருந்தாக.