செப்டம்பர் கடைசியில் ஏரிக்கரை: ஜாக்கெற் கொண்டுவரவா என்று கேட்டவர்களுக்கு

அன்பான ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

ரொறன்ரோவில் நம் ஊர் ஒன்றுகூடல் செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை என்று முடிவான நாளில் இருந்து எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். லண்டன் அக்கா ஒருவர் தடித்த ஜாக்கெற் கொண்டுவரவா என்கிறார். பாரிஸ் தம்பிமாருக்கு அரைக்கை உடுப்புப் போதுமா என்று தெரியவேண்டும். மெல்பேர்ண் மாமா இன்னும் ஒரு படி மேலே போய், அந்த நேரம் பனி கொட்டுமா என்று கேட்டிருக்கிறார். ஆளுக்கு ஒரு பதில் எழுதினால் அது ஆளுக்கு ஒரு கதையாகப் பரவும் என்பதால் எல்லாருக்கும் சேர்த்து இந்த மடல். கொஞ்சம் நீளம்தான், ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

முதலில் இலக்கங்கள். ரொறன்ரோவில் செப்டம்பர் மாதத்தில் பகல் உச்சம் சராசரியாக 21, 22 பாகை. இரவில் 12, 13. ஒக்டோபரில் பகல் 14, இரவு 7 என்று இறங்கிவிடும். நாங்கள் கூடுவது இரண்டுக்கும் நடுவில். நம்மூரில் தை மாத விடியற்காலையில் சால்வை போர்த்துகிற அந்தக் குளிர்தான், ஏறத்தாழ, இங்கே செப்டம்பர் மாதத்து மத்தியான வெயில். பனி கொட்டாது மாமா, பயப்படாமல் வாருங்கள்.

ஆனால் சராசரியை நம்பிப் பெட்டி கட்டாதீர்கள். 2017இல் இதே செப்டம்பர் கடைசி வாரத்தில் வெயில் 30 பாகையைத் தாண்டி எரித்தது. வேறு ஆண்டுகளில் அதே வாரம் நாள் முழுக்க மப்பும் தூறலுமாக 13 பாகையில் கிடந்ததும் உண்டு. இந்தப் பருவத்தில் ஒரு நாளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் காற்று வருகிற திசை. அது ஏன் என்று விளங்க வேண்டுமென்றால் ஏரியில் இருந்து தொடங்க வேண்டும்.

ஒன்ராறியோ ஏரியை இதுவரை பார்க்காதவர்கள் நம்மூர்க் குளத்தை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். நீளம் 300 கிலோமீற்றருக்கு மேல். கரையில் நின்றால் மறுகரை தெரியாது, உப்பு மணம் இல்லாத கடல் என்றுதான் சொல்ல வேண்டும். சராசரி ஆழம் 86 மீற்றர், அதிக ஆழம் 244 மீற்றர். பக்கத்தில் உள்ள ஈரி ஏரி இதைவிடப் பரப்பில் பெரியது, ஆனால் சராசரி ஆழம் 19 மீற்றர்தான். ஈரி தட்டில் ஊற்றிய கஞ்சி, ஒன்ராறியோ கிடாரத்தில் இருக்கிற கஞ்சி. ஈரி கெதியாகச் சூடேறிக் கெதியாக ஆறும். குளிர்காலத்தில் பெரும்பகுதி உறைந்தும் போகும். ஒன்ராறியோ முழுதாக உறைவது மிக அரிது.

கோடை முழுக்க வாங்கி வைத்த சூட்டை ஏரி செப்டம்பரில்தான் திருப்பிக் கொடுக்கத் தொடங்கும். வசந்த காலத்தில் கரையோரம் வசிக்கிற நாங்கள், "வடக்கே மார்க்கம் நகரில் வெயிலாம், இங்கே இன்னும் விறைக்குது" என்று புறுபுறுப்போம். இலையுதிர் காலத்தில் கதை தலைகீழ். தெளிந்த, காற்றில்லாத இரவில் ரூஜ் கடற்கரைப் பக்கம் 11 பாகை இருக்கும்போது வடக்கே மார்க்கம், ஸ்ரூவ்வில் பக்கம் 6, 7 என்று இறங்கியிருக்கும். முதல் உறைபனியும் அப்படித்தான்: வடக்கே பரி போன்ற ஊர்களில் பயிர் கருகி வாரக்கணக்கான பிறகும் ஏரிக்கரைத் தோட்டங்களில் மிளகாய்ச் செடி பூத்துக்கொண்டு நிற்கும். நயாகராப் பக்கம் திராட்சைத் தோட்டங்கள் அவ்வளவு செழிப்பதற்கும் இந்தத் தண்ணீரின் சூடு ஒரு முக்கிய காரணம். ஆகவே யாருடைய வீட்டில் தங்கப் போகிறீர்களோ அவர்களிடம், ஏரிக்கு எவ்வளவு கிட்ட என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இரவு உடுப்பை முடிவு செய்யுங்கள்.

இனிக் காற்றுக்கு வருவோம். சோளகம், வாடை, கொண்டல், கச்சான் என்று பெயர் சொல்லி வளர்ந்த சனத்துக்கு இதை விளக்குவது சுலபம்.

தெற்கில், தென்மேற்கில் இருந்து அடித்தால் அமெரிக்காவின் உள்நாட்டுச் சூடும் ஈரமும் சேர்ந்து வரும். 2017இல் நடந்தது அதுதான். அன்றைக்கு அரைக்கை போதும், வேர்க்கும்கூட.

வடமேற்கில் இருந்து அடித்தால் வானம் கழுவி விட்டதுபோல நீலமாக இருக்கும், காற்று உலர்ந்து குளிரும். ரொறன்ரோவுக்கு இது நல்ல நாள். வடக்கே பரி, வசாகா பக்கம் போகிறவர்களுக்கு அப்படிச் சொல்ல முடியாது. அங்கே ஹூரன் ஏரியும் ஜோர்ஜியன் குடாவும் காற்றின் வழியில் கிடக்கின்றன. தண்ணீரின் மேற்பரப்பைவிட ஒன்றரைக் கிலோமீற்றர் உயரத்துக் காற்று 13 பாகை அளவில் குளிர்ந்துவிட்டால், ஏரியில் இருந்து எழும் சூடும் ஈரமும் நீண்ட பட்டை பட்டையான முகிலாகத் திரளும். ஒரு பட்டைக்குக் கீழே கொட்டும். சில கிலோமீற்றர் தள்ளி வெயில் எறிக்கும். டிசம்பரில் வடக்கே நெடுஞ்சாலைகளை மூடவைக்கிற பனிப்புயல் உருவாவதும் இதே முறையில்தான். செப்டம்பரில் அது மழையாக வருகிறது, அவ்வளவுதான்.

அதே பொறிமுறைதான் ஏரியின் மேல் நீர்த்தாரைச் சுழல்களையும், அதாவது முகிலில் இருந்து தும்பிக்கைபோலத் தண்ணீர்வரை இறங்கும் சுழற்காற்றுகளையும், எழுப்புகிறது. 2020 செப்டம்பர் கடைசியிலும் ஒக்டோபர் முதல் நாட்களிலும் பேரேரிகள் முழுவதிலும் ஒரே வாரத்தில் 200க்கு மேற்பட்ட சுழல்கள் பதிவாயின. பெரும்பாலும் கரை ஏறும்போதே கலைந்துவிடும். தூர நின்று பார்க்க நல்ல காட்சி. ஆனால் வானிலைத் திணைக்களம் எச்சரிக்கை விட்டிருந்தால் படகுச் சவாரியை மறந்துவிடுங்கள்.

மேற்குக் காற்றில் ஒரு வினோதம் உண்டு. அது பலமாக இரண்டு நாள் வீசினால் வடகரையின் மேற்பரப்பு வெந்நீர் நடு ஏரிப் பக்கம் தள்ளுண்டு, ஆழத்துக் குளிர்நீர் கரையில் மேலெழும். முதல் நாள் 20 பாகையில் பிள்ளைகள் குளித்த தண்ணீர் அடுத்த நாள் 10க்குக் கீழே போயிருக்கும். வானத்தைப் பார்த்து இது தெரியாது. "நேற்று நல்லாத்தானே இருந்தது" என்று யாரும் குதிக்க வேண்டாம், முதலில் காலை வைத்துப் பாருங்கள்.

எங்களுக்கு உண்மையில் தொல்லை கொடுப்பது கிழக்குக் காற்று. ஏரியின் முழு நீளத்தையும் தாண்டி வருவதால் அலை பெரிதாகி ஸ்காபரோக் கரையில் மோதும். முகில் இறங்கி நிற்கும், தூறல் விடாது, உச்ச வெப்பம் காலையில் இருந்ததைவிட ஏறவே ஏறாது. ஆப்பில் 14 என்று காட்டும். உடம்புக்கு 8 போல இருக்கும். லண்டன்காரருக்கு மட்டும் அன்றைக்கு ஊர் வந்த மாதிரி இருக்கும்.

இந்தக் காரணத்தால்தான் நிகழ்ச்சி இடம் பற்றி எனக்கு ஒரு கருத்து இருக்கிறது. பகல் நிகழ்ச்சி மோர்னிங்சைட் பூங்காவில் என்பது சரி. பின்னேரம் புளவர்ஸ் பார்க் கடற்கரைக்குப் போய் அங்கே பாட்டும் கூத்தும் வைக்கலாம் என்று இளைஞர் பக்கம் ஒரு யோசனை ஓடுகிறது. வடக்குக் காற்று, வடமேற்குக் காற்று என்றால் நான் இரண்டு கையும் தூக்குவேன். பின்னால் நிற்கிற மண்குன்றுச் சுவர் அந்தக் காற்றை மறித்துவிடும், முன்னால் ஏரி இளஞ்சூடாகக் கிடக்கும், பூங்காவைவிட அங்கே சுகமாக இருக்கும். கிழக்குக் காற்று என்றால் அந்த இடத்தில் ஒரு மறைப்பும் இல்லை; மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கவே ஓர் ஆள் தேவைப்படும். ஆகவே முன்கூட்டியே அச்சடித்த நிகழ்ச்சிநிரலில் கடற்கரை என்று போடாதீர்கள் என்பது என் வேண்டுகோள்.

பூங்காவிலும் ஒரு விடயம் கவனிக்க வேண்டும். அது ஹைலன்ட் கிறீக் ஓடுகிற பள்ளத்தாக்குக்குள் இருக்கிறது. தெளிந்த பின்னேரங்களில் குளிர்காற்று கனத்தால் மேட்டில் இருந்து வழிந்து பள்ளத்தில் தேங்கும். மேலே தெருவில் 14 இருக்கும்போது கீழே மேசையில் இருக்கிற அம்மாமாருக்கு முழங்கால் உளையும். அந்த வாரம் சூரியன் காலை 7 மணிக்குப் பிறகு உதித்து மாலை 7 மணி அளவில் மறையும். பகல் நாளுக்கு மூன்று நிமிடம் வரை குறைந்துகொண்டு போகும். ஐந்து மணிக்கே மரநிழல் விழுந்து குளிர் தொடங்கிவிடும் என்பதால் மூத்தவர்களை அந்த நேரத்தோடு வீட்டுக்கு அனுப்பும் ஒழுங்கைச் செய்யுங்கள். பிள்ளைகளுக்கு ஒரு நல்ல செய்தி: அதே நாட்களில் ஏரியில் இருந்து சால்மன் மீன்கள் முட்டையிட அந்த ஓடையில் ஏறிவரும். ஆற்றில் இறங்க விடாமல் கரையில் நிறுத்திக் காட்டுங்கள்.

இவ்வளவு பூங்காக்கள் ரொறன்ரோவின் ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் இருப்பதற்கு ஒரு காரணம் இந்தப் பருவத்துப் புயல் ஒன்றுதான். 1954 ஒக்டோபர் 15 இரவு, ஹேசல் என்ற சூறாவளியின் மிச்சம் இங்கே வந்து கொட்டியது. நிலம் ஏற்கெனவே மழையில் ஊறியிருந்தது. ஹம்பர் ஆறு பெருகி ரேமோர் ட்ரைவ் என்ற தெருவின் வீடுகளை ஆட்களோடு அள்ளிக்கொண்டு போனது. ஒன்ராறியோவில் 81 பேர் இறந்தார்கள். அதன் பிறகு ஆற்றுத் தாழ்நிலங்களில் வீடு கட்ட விடாமல், நிலத்தை வாங்கிப் பூங்காக்களாக விட்டார்கள். வெள்ளம் போகட்டும் என்று விட்ட இடத்தில்தான் நாங்கள் அடுப்பு மூட்டப் போகிறோம். அத்திலாந்திக் சூறாவளிக் காலம் செப்டம்பரில் உச்சத்தில் இருக்கும். அந்த வாரம் தெற்கே ஏதாவது புயல் கரையேறி வடக்கே திரும்புகிறது என்று செய்தி வந்தால், பூங்காவை விட்டுவிட்டு மண்டபத்துக்குப் போவதில் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது. மண்டபத்துக்கு முற்பணம் கட்டுவது வீண் செலவு என்கிறவர்கள் இதையும் கணக்கில் எடுங்கள்.

ஒன்றுகூடல் முடிந்து சுற்றிப் பார்க்க நிற்கிறவர்களுக்கு: மேப்பிள் சிவப்புப் பார்க்க வேண்டுமென்றால் உடனேயே வடக்கே அல்கொன்குவின் பக்கம் போங்கள், அங்கே செப்டம்பர் கடைசி, ஒக்டோபர் முதல் வாரம்தான் உச்சம். ரொறன்ரோவில் மரங்கள் ஒக்டோபர் நடுப்பகுதிக்குப் பிறகுதான் நிறம் மாறும். அல்கொன்குவினில் இரவு உறைநிலைக்குப் போகலாம், தடித்த ஜாக்கெற் அங்கேதான் தேவை. நயாகராவில் நீர்த்திவலைக்கு மழைச்சட்டை. தொபர்மோரியில் இருந்து மனிற்றூலின் தீவுக்குப் போகும் கப்பல் ஒக்டோபர் நடுப்பகுதியோடு நின்றுவிடும், பலத்த காற்றில் நேரமும் மாறும்.

ஒக்டோபர் நடுவரை நின்று பஃபலோ போகிறவர்கள் சற்றுக் கவனம். 2006 ஒக்டோபர் 12, 13இல் ஈரி ஏரியில் இருந்து எழுந்த முகில் அந்த நகரத்தில் 57 சென்ரிமீற்றர் ஈரப்பனியைக் கொட்டியது. மரங்களில் இலை இன்னும் உதிராததால் பனி முழுக்க இலையில் தங்கி, கிளைகள் முறிந்து மின்கம்பிகளில் விழுந்தன. நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. அடிக்கடி நடப்பதில்லை. ஆனாலும் மெல்பேர்ண் மாமாவின் கேள்வி முற்றிலும் அர்த்தமில்லாதது அல்ல என்பதற்காகச் சொன்னேன்.

உடுப்பு விடயத்தில் என் பரிந்துரை: ஒரு தடித்த ஜாக்கெற்றுக்குப் பதில் மெல்லிய இரண்டு மூன்று உடுப்புகள், மேலே காற்றும் மழையும் புகாத ஒரு சட்டை. வெயில் தொப்பியும் வேண்டும். பலருக்குத் தெரியாது, ரொறன்ரோ பாரிசுக்கும் சூரிச்சுக்கும் தெற்கே இருக்கிறது; செப்டம்பர் வெயில் அங்கேயுள்ளதைவிட உறைக்கும். தும்மல், இழுப்பு உள்ளவர்கள் மருந்தை மறக்க வேண்டாம். ரக்வீட் என்கிற களையின் மகரந்தம் கடும் உறைபனி விழும்வரை காற்றில் இருக்கும்.

கடைசியாக, முன்னறிவிப்பு. மூன்று மாதத்துக்கான வண்ணப்படங்களை இப்போதே குழுவில் பகிர்கிறீர்கள். அந்தச் சிவப்பு நிறம், மூன்று மாதச் சராசரி வழமையைவிடச் சூடாக இருக்கும் வாய்ப்பு அதிகம் என்று மட்டும்தான் சொல்கிறது. சனிக்கிழமை கிடாரத்துக்கு மேலே கூடாரம் வேண்டுமா என்று அது சொல்லாது. ஐந்து நாளுக்குள் வந்த பிறகுதான் நம்பிப் பேசலாம். அப்போதும் வெப்பநிலைக்குப் பக்கத்தில் சின்னதாகப் போட்டிருக்கும் காற்றுத் திசையைப் பாருங்கள். அன்று காலை கிங் சிற்றியில் உள்ள வானிலை ராடாரின் படத்தைப் பார்த்தால் மழைப்பட்டை எங்கே நகர்கிறது என்று கண்ணாலேயே தெரியும்.

புதன் இரவு இந்தக் குழுவுக்கு ஒரு மடல் போடுகிறேன்: பூங்காவா மண்டபமா, பின்னேரம் கடற்கரையா இல்லையா என்று. அதற்கு முன்னர் யாரும் தொலைபேசியில் அழுத்த வேண்டாம். ஏஜக்ஸ் பக்கம் இருப்பவர்களில் பக்கத் துணியோடு பெரிய கூடாரம் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து பதில் போடுங்கள், இப்போது இருக்கும் இரண்டுக்கும் பக்கத் துணி இல்லை.

ஒன்றுகூடல் குழு சார்பில்,
ஸ்காபரோவில் இருந்து