பார்பரா காசில்: சம ஊதியச் சட்டம் கொண்டுவந்தவர் தொழிற்சங்கங்களோடு மோதியது ஏன்?

கேள்வி:
பிரிட்டனின் தொழிற்கட்சிப் பிரதமர் ஹரால்டு வில்சனின் அமைச்சரவையில் இருந்த பார்பரா காசிலைப் பற்றி அண்மையில் படித்து வருகிறேன். 1970-இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஊதியம் தரச் சொல்லும் சம ஊதியச் சட்டத்தைக் கொண்டுவந்தவரும், அதற்கு முந்தைய ஆண்டில் தொழிற்சங்கங்களுக்குக் கடிவாளம் போட முயன்று சொந்தக் கட்சியிலேயே தனித்துப் போனவரும் ஒருவரே என்பது எனக்குப் பிடிபடவில்லை. இடதுசாரி என்று பெயரெடுத்தவர் ஏன் இப்படிச் செய்தார்? அவர் பிரதமராக முடியாமல் போனதற்கு இதுதான் காரணமா?

மறுமொழி 1:
அவர் போக்குவரத்து அமைச்சராக இருந்த காலத்திலிருந்து பார்த்தால் முரண்பாடு அவ்வளவாகத் தெரியாது. ஓட்டுநர் உரிமம்கூட இல்லாத அவர், மது அருந்திவிட்டு வண்டி ஓட்டுவோரைப் பிடிக்க 1967-இல் மூச்சுச் சோதனையை நடைமுறைப்படுத்தினார். மணிக்கு 70 மைல் என்ற வேக வரம்பையும் நிரந்தரமாக்கினார். மதுக்கடைக்காரர்கள் கொதித்தார்கள், சாலை மரணங்களோ குறைந்தன. பேசிப் பேசித் தீராததைச் சட்டம் போட்டுத் தீர்த்துவிடலாம் என்ற துணிவு அவருக்கு அங்கேயே வந்துவிட்டது என்பது என் கணிப்பு. 1968 ஜூனில் டாகென்ஹாம் ஃபோர்டு ஆலையில் கார் இருக்கை உறைகளைத் தைத்த பெண்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அதற்குள் வேலைவாய்ப்புத் துறை அமைச்சராகியிருந்த அவர், அப்பெண்களை நேரில் அழைத்துத் தேநீர் கொடுத்துப் பேசினார். சம ஊதியச் சட்டத்துக்கு அந்தப் போராட்டமே உடனடித் தூண்டுகோல்.

மறுமொழி 2:
டாகென்ஹாம் கதையை வெற்றிக் கதையாக மட்டும் சொல்வது சரியன்று. அப்பெண்களின் முதன்மையான குறை, தங்கள் தையல் வேலையைத் திறன் தேவைப்படாத வேலை என்று நிர்வாகம் தரம் பிரித்திருந்தது. ஊதியம் உயர்ந்ததே தவிர, அந்தத் தரம் மாற 1984-இல் மீண்டும் ஒரு வேலைநிறுத்தம் தேவைப்பட்டது. சம ஊதியச் சட்டமும் 1975 இறுதியில்தான் நடைமுறைக்கு வந்தது. நிறுவனங்களுக்கு ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக அவகாசம் கிடைத்தது. தொழிற்சங்கங்களைக் கட்டுப்படுத்த அவர் முன்வைத்த 1969 வெள்ளை அறிக்கையை (சட்டத்துக்கு முந்தைய அரசின் கொள்கை அறிக்கை) பொறுத்தவரை, திடீர் வேலைநிறுத்தங்களை 28 நாள் தள்ளிவைக்க அரசுக்கு அதிகாரமும் சில போராட்டங்களுக்கு முன் வாக்கெடுப்பும் வேண்டும் என்றார். சங்கங்களின் பணத்திலும் ஆள்பலத்திலும் நிற்கும் கட்சியில் இது எடுபடும் என்று அவர் எப்படி எதிர்பார்த்தார் என்பதுதான் வியப்பு! ஜேம்ஸ் கலகன் அமைச்சரவைக்குள் இருந்துகொண்டே எதிர்த்தார். ஜூனில் சங்கங்களின் வாக்குறுதி ஒன்றைப் பெற்றுக்கொண்டு அரசு பின்வாங்கியது.

மறுமொழி 3:
பிரதமர் பதவியைப் பற்றிய கேள்விக்கு விடை பெரும்பாலும் அந்த மோதலில்தான் இருக்கிறது. அதன்பின் அவரைத் தலைவராக்கக் கட்சிக்குள் போதுமான ஆதரவு மிஞ்சவில்லை. ஆனாலும் அவருடைய சிறந்த பணி அதற்குப் பிறகு வந்தது என்பேன். சமூக சேவைகள் அமைச்சராக 1975-இல் அவர் நிறைவேற்றிய குழந்தை உதவித்தொகைச் சட்டம், தந்தையின் சம்பளத்தில் வரிச்சலுகையாகக் கிடைத்துவந்த பணத்தைத் தாயின் கைக்கே போய்ச் சேரும்படி மாற்ற வழி வகுத்தது. 1976 ஏப்ரலில் பிரதமரான கலகன், சில நாள்களிலேயே அவரை அமைச்சரவையிலிருந்து நீக்கிவிட்டார். 1945 முதல் தம்மைத் தேர்ந்தெடுத்த பிளாக்பர்ன் தொகுதியை 1979-இல் விட்டு ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்குச் சென்றார். 1990-இல் பிரபுக்கள் சபை உறுப்பினரானார். டோனி பிளேர் ஆட்சியிலும், முதியோர் ஓய்வூதியத்தை ஊதிய உயர்வோடு இணைக்க வேண்டும் என்று, தொண்ணூறை நெருங்கிய வயதில் தம் கட்சியின் நிதியமைச்சரோடு வாதாடினார்.