அமில–கார வினாவில் கோட்டை விட்ட அனுபவம் உண்டா? பகிருங்கள்

நீலலிட்மஸ்:
அந்த 10⁻⁸ வினாதான், வேறென்ன. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் செறிவு 10⁻⁸ மோலார் (லிட்டருக்கு அத்தனை மோல்), பிஎச் (வழக்கமாக 7 என்றால் நடுநிலை, கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம்) எவ்வளவு? நுழைவுத் தேர்வு எழுதி மூன்று வருடம் ஆகிறது, இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. அடுக்கைப் பார்த்தேன், 8 என்று வட்டத்தைக் கறுப்பாக்கினேன். பத்து நொடிகூட ஆகவில்லை. மிச்சமான நேரத்தைக் கரிம வேதியியலுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்ததுகூட ஞாபகம் இருக்கிறது. தேர்வு முடிந்து படியிறங்கும்போதுதான் உறைத்தது: அமிலத்தில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அது எப்படிக் காரமாகும்? கால் அப்படியே நின்றுவிட்டது. பின்னால் வந்த பெண் என் மேல் மோதி, "என்னாச்சு?" என்று கேட்டாள். வாயில் வார்த்தை வரவில்லை. தெரியாமல் விட்ட வினாக்கள் எல்லாம் மறந்துவிட்டன. இது தெரிந்தே விட்டது.

பியூரெட்:
என்னைக் கவிழ்த்தது ஒரே ஒரு சொல். இரண்டு குடுவைகள், ஒரே கனஅளவு. ஒன்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம், இன்னொன்றில் அசிட்டிக் அமிலம். நடுநிலையாக்க எதற்கு அதிக சோடியம் ஹைட்ராக்சைடு வேண்டும்? பயிற்சியில் இதை எத்தனையோ முறை போட்டிருக்கிறேன். விடை "இரண்டுக்கும் சமம்". கை தானாகக் குறித்துவிட்டது. வீட்டுக்கு வந்து வினாத்தாளை விரித்தால், "ஒரே செறிவு" என்று இல்லை, "ஒரே பிஎச்" என்று இருக்கிறது. பிஎச் 3 என்றால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 0.001 மோலார் இருந்தால் போதும். அசிட்டிக் அமிலம் அயனிகளாகக் கொஞ்சமாகத்தான் பிரியும் என்பதால் அதே பிஎச் வர ஏறத்தாழ 0.057 மோலார் வேண்டும். அப்படியானால் அது கேட்கும் காரமும் சுமார் 57 மடங்கு! "பிஎச்" என்ற அந்தச் சொல்லுக்கு அடியில் என் பென்சில் கோடு இருந்தது. கோடு போட்டிருக்கிறேன், படிக்கவில்லை.

ஒருமோல்:
நீலலிட்மஸ், இதற்கு மூன்று வருடக் கவலை வேண்டாம். தண்ணீரில் ஏற்கெனவே 10⁻⁷ மோலார் ஹைட்ரஜன் அயனி இருக்கிறது, அதோடு 10⁻⁸ஐக் கூட்டினால் 1.1 × 10⁻⁷. மடக்கை எடுத்துக் குறியை மாற்றினால் பிஎச் 6.96. முடிந்தது.

எனக்கு வந்தது 50 மி.லி. அசிட்டிக் அமிலத்தில் 25 மி.லி. சோடியம் ஹைட்ராக்சைடு சேர்க்கும் கணக்கு, இரண்டும் 0.1 மோலார். இருபடிச் சமன்பாடு வரை போய்ப் பக்கம் நிறைய எழுதிவிட்டுத் தலை நிமிர்ந்தால், பாதி அமிலம் உப்பாகிவிட்டது, பிஎச்சும் பிகேஏவும் (அமிலத்தின் வலிமையைக் காட்டும் எண்) ஒன்றுதான், 4.74. ஒரு வரி வேலை.

இனி எழுதப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். கரைசல்களைக் கலக்கும் கணக்கு எதுவானாலும் முதலில் மில்லிமோல்களை எழுதுங்கள், சூத்திரத்தைத் தொடாதீர்கள். வினை முடிந்தபின் என்ன மிச்சம் என்று பாருங்கள். வலிமை குறைந்த அமிலமும் அதன் உப்பும் மிஞ்சினால் தாங்கல் கரைசல், அதாவது பிஎச் எளிதில் மாறாத கரைசல். உப்பு மட்டும் மிஞ்சினால் நீராற்பகுப்பு, அதாவது உப்பு நீரோடு வினைபுரிந்து பிஎச்சை மாற்றும். மேலே சொன்ன அமிலத்தோடு 50 மி.லி. காரத்தையும் முழுதாகச் சேர்த்திருந்தால் பிஎச் 7 அல்ல, 8.72. வலிமையான காரம் மிஞ்சினால் உப்பை மறந்துவிட்டு அந்த மிச்சத்தை மட்டும் வைத்துப் போடுங்கள். மொத்தக் கனஅளவால் வகுக்க மறக்காதீர்கள், நிறையப் பேர் அங்கேதான் விடுகிறார்கள். அப்புறம் 2, 3, 5 மூன்றுக்கும் மடக்கை மனப்பாடமாக இருக்கட்டும்.

வெந்நீர்:
60 டிகிரியில் தூய நீரின் பிஎச் 6.5, இந்த நீர் அமிலமா, காரமா, நடுநிலையா? நான் அமிலம் என்று குறித்தேன். 7 என்ற எண் அவ்வளவு ஆழமாகப் பதிந்துபோயிருந்தது. சூடேறினால் நீர் கூடுதலாகப் பிரியும், ஹைட்ரஜன் அயனி எவ்வளவு கூடுகிறதோ ஹைட்ராக்சைடும் அவ்வளவே கூடும், அதனால் அது நடுநிலைதான். 25 டிகிரிக்கு மட்டும் உரிய எண்ணை எல்லா வெப்பநிலைக்கும் என்று நினைத்திருந்தேன். வினாவில் "தூய" என்று எழுதியிருந்ததே, அதற்கு மேல் என்ன துப்பு வேண்டும்!

மடக்கை:
ஒருமோல், உங்கள் 6.96 தவறு. எனக்கு வந்த வினாத்தாளில் 6.96, 6.98 இரண்டுமே விடைகளாக இருந்தன. நீங்கள் சொன்ன மாதிரியே கூட்டி 6.96ஐக் குறித்து ஒரு மதிப்பெண்ணை விட்டவன் நான், அதனால் உறுதியாகச் சொல்கிறேன். அமிலம் சேர்ந்ததும் நீரின் பிரிகை பின்வாங்குகிறது. நீர் தருவது முழு 10⁻⁷ அல்ல, சுமார் 0.95 × 10⁻⁷தான். மொத்த ஹைட்ரஜன் அயனி x என்றால் ஹைட்ராக்சைடு x – 10⁻⁸. இரண்டின் பெருக்கம் 10⁻¹⁴. தீர்த்தால் x = 1.05 × 10⁻⁷, பிஎச் 6.98. 6.96ஐ அங்கே வைத்ததே நம் மாதிரி அவசரமாகக் கூட்டுகிறவர்களுக்காகத்தான். அதைக் குறித்தபோது, பொறியைத் தாண்டிவிட்டேன் என்ற நிம்மதியோடு அடுத்த வினாவுக்குப் போனேன். அந்த நிம்மதிதான் இன்னும் உறுத்துகிறது.

ஒருமோல்:
இப்போது தாளில் போட்டுப் பார்த்தேன், நீங்கள் சொல்வதுதான் சரி. என் குறிப்பேட்டில் 6.96 என்றே சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன், அது இப்போது தம்பியிடம் இருக்கிறது. அடுத்த வாரம் அவனுக்குத் தேர்வு. முதலில் அவனைக் கூப்பிட்டுத் திருத்தச் சொல்கிறேன்.