மறு: உயிரி எரிபொருள் – ஒரு சொல் போதுமா?

> 'உயிரி எரிபொருள்' வேரூன்றிவிட்டது. முதல் தலைமுறை, இரண்டாம் தலைமுறை என்று அடை சேர்த்தால் வேண்டிய வேறுபாடு கிடைத்துவிடுமே?

வணக்கம் ஐயா.

செடிகொடி போன்ற உயிர்ப்பொருளிலிருந்து எடுக்கும் எரிபொருளுக்கு (biofuel) 'உயிரி எரிபொருள்' பொதுச்சொல்லாக இருக்கட்டும். எனக்குச் சிக்கல் தலைமுறைக் கணக்கில்தான். பயிரின் சர்க்கரை, மாவிலிருந்து எடுத்தால் முதல் தலைமுறை, வைக்கோல் போன்ற நார்ப்பொருளிலிருந்து எடுத்தால் இரண்டாம் தலைமுறை என்பது அந்தக் கணக்கு. கரும்புச் சாற்றை நேராக நொதிக்க வைத்தாலும் முதல் தலைமுறை, சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கழிவுப்பாகை நொதிக்க வைத்தாலும் முதல் தலைமுறை. ஒன்று சர்க்கரையாகி வீட்டுக்கு வந்திருக்க வேண்டியது. மற்றது இனிமேல் சர்க்கரை ஆகாதது. இரண்டுக்கும் ஒரே பெயர் எப்படிப் பொருந்தும்?

ஓர் ஆலையில் கழிவுப்பாகுத் தொட்டியின் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். தார் மாதிரி கறுப்பு, கருகிய வெல்ல வாடை. குச்சியை விட்டு எடுத்தால் நூலாக இறங்கியது. அதில் இன்னும் சர்க்கரை இருக்கிறது, ஆனால் படிகமாக்கி எடுப்பது கட்டுப்படியாகாது. பள்ளிப் பாடத்தில் படித்தது நினைவிருக்கும்: நீர் விட்டு 8 முதல் 10 விழுக்காட்டுக்கு நீர்த்து ஈஸ்ட் சேர்த்தால் கழுவு நீர்மம், அதைக் காய்ச்சி வடித்தால் 95.5 விழுக்காடு எத்தனால் உள்ள எரிசாராயம். மிச்சத் தண்ணீரையும் நீக்கிய பிறகுதான் அது பெட்ரோலில் சேரும்.

2025இல் நம் பங்க் பெட்ரோலில் எத்தனால் 20 விழுக்காட்டை எட்டிவிட்டது. நல்லதா கெட்டதா என்று கேட்டால், எதிலிருந்து வந்தது என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது. கரும்பை நம்பினால், ஒரு லிட்டர் எத்தனாலுக்கு ஏறத்தாழ 2,860 லிட்டர் தண்ணீர் என்கிறது நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை. மக்காச்சோளத்தை நம்பினால் நாமக்கல் கோழிப் பண்ணைக்காரர் தீவனத்துக்கு எத்தனால் ஆலையோடு போட்டி போட வேண்டும். பானிப்பட்டில் இந்தியன் ஆயில் 2022இல் தொடங்கிய ஆலையோ, வயலில் கொளுத்தியிருக்கக்கூடிய நெல் தாளிலிருந்து எடுக்கிறது. (மைலேஜ் குறைவதை இந்த இழையில் விட்டுவிடலாம். எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான், எதிலிருந்து வந்தாலும் அது மாறாது.)

ஆகவே இரண்டு சொல் வேண்டும். முதலாவது, உணவாகவோ தீவனமாகவோ ஆகியிருக்க வேண்டியதிலிருந்து எடுப்பதற்கு: 'விளைச்சல் எரிபொருள்'. இதில் யாருக்கும் தடை இருக்காது என்று நினைக்கிறேன்.

இரண்டாவது, அப்படிப் பயன்பட்டது போக மிஞ்சியதிலிருந்து எடுப்பதற்கு. அதற்குத்தான் பல நாள் அலைந்தேன். 'எச்ச எரிபொருள்' என்று அம்மா ஒருவர் முன்பு எழுதியிருந்தார். தொல்லெச்சம் (fossil) என்று ஏற்கெனவே நிலக்கரி, பெட்ரோலியப் பக்கம் ஒரு சொல் இருப்பதால் குழப்பம் வரும். 'மிச்ச எரிபொருள்' என்றால் டேங்கில் மீதி இருப்பது போலக் கேட்கிறது. 'கழிவு' எனக்கு ஒப்பவில்லை. டெல்டாவில் வைக்கோல் மாட்டுத் தீனி, யாரும் அதைக் கழிவு என்று சொல்வதில்லை.

குறளில் 'மிச்சில்' என்ற சொல் இருக்கிறது. விருந்தினர் உண்டபின் மிஞ்சும் உணவு. அதை எடுத்துக்கொள்வோம்: 'மிச்சில் எரிபொருள்'. மனிதரும் மாடும் உண்டபின் மிஞ்சியது என்ற முறை சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது. அதே வைக்கோல் கொளுத்தும் ஊரில் மிச்சில், மாடு தின்னும் ஊரில் மிச்சில் இல்லை. எந்தப் பொருள் என்பதோடு எந்த ஊர் என்றும் கேட்க வைப்பதால் இந்தச் சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. மிச்சில் என்பதால் குறையே இல்லை என்று ஆகாது. கழிவுப்பாகில் ஒரு லிட்டர் எத்தனால் எடுத்தால் 8 முதல் 15 லிட்டர் வரை கருங்கழிவுநீர் வெளியேறும், அதை ஆற்றில் விட்டால் மீன் செத்து மிதக்கும்.

> அப்போ பி ஹெவி எந்தப் பக்கம்?

நல்ல கேள்வி. இன்னும் ஒரு முறை காய்ச்சினால் சர்க்கரை வரும் என்று தெரிந்தே நிறுத்தி, பாகை எத்தனாலுக்கு அனுப்புவதுதான் பி ஹெவி. விருந்தினர் இலையில் இருக்கும்போதே எடுத்துவிட்ட சோறு அது. விளைச்சல் எரிபொருள் பக்கம்தான் வைப்பேன். பாகுகளில், கட்டுப்படியாகும் சர்க்கரையெல்லாம் எடுத்தபின் மிஞ்சும் கடைசிப் பாகான சி ஹெவி மட்டும் மிச்சில்.